திருமணம் ஆகாத அப்பா: சட்டம் தரும் உரிமை என்ன, சுமத்தும் பொறுப்பு என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் வசிப்பவர்களை மனத்தில் வைத்து, இந்தியச் சட்டப்படி எழுதப்பட்ட பதில்கள் இவை. ‘முறைகேடாகப் பிறந்த குழந்தை’ என்ற பொருள் தரும் பழைய சொல்லைச் சட்டப் புத்தகங்கள் இன்னும் விடவில்லை. குழந்தை எந்த முறைகேடும் செய்யாததால் இங்கே அந்தச் சொல்லைத் தவிர்த்திருக்கிறோம்.

எங்களுக்குத் திருமணம் ஆகவில்லை. குழந்தை என்னுடையதுதான். சட்டம் என்னை அப்பாவாகப் பார்க்கிறதா?

செலவு என்று வந்தால் முதல் நாளிலிருந்தே பார்க்கிறது. முடிவெடுக்கும் அதிகாரம் என்று வந்தால் இரண்டாம் வரிசையில் நிறுத்துகிறது. குழந்தையைப் பராமரிக்கும் கடமைக்கு யாரும் உங்களை நியமிக்க வேண்டியதில்லை, அது தானாக வந்து சேரும். பாதுகாவலர் என்ற நிலை, குழந்தையைப் பார்க்கும் உரிமை, வைத்து வளர்க்கும் உரிமை இவையெல்லாம் தாயின் சம்மதத்தால் நடக்க வேண்டும், இல்லையென்றால் நீதிமன்றத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இந்துக்களுக்கான 1956ஆம் ஆண்டு சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. மணமான பெற்றோரின் குழந்தைக்கு இயற்கைப் பாதுகாவலர் (நீதிமன்றம் நியமிக்காமலே அந்த நிலை பெறுபவர்) தந்தை, அவருக்குப் பின் தாய். மணமாகாத பெற்றோரின் குழந்தைக்குத் தாய், அவருக்குப் பின்தான் தந்தை. பௌத்தர், சமணர், சீக்கியருக்கும் இதே சட்டம்தான்.

கோயிலில் மாலை மாற்றிக்கொண்டோம், பதிவு செய்யவில்லை. நான் ‘திருமணம் ஆகாத அப்பா’வா?

இருக்காது. மற்ற கேள்விகளுக்குப் போகும் முன் இதைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது, ஏனென்றால் தமிழ்நாட்டில் பலர் தங்களுக்குத் திருமணமே ஆகவில்லை என்று தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 7ஏ என்ற பிரிவு உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது 1967இல் கொண்டுவந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம் அது. உறவினர், நண்பர் அல்லது வேறு சிலர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகச் சொன்னாலே போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் போதும், தாலி கட்டினாலும் போதும். மூன்றில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் திருமணம் செல்லும். புரோகிதர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். ஊரறிய அறிவித்திருக்க வேண்டும் என்பதும் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. இருவரும் இந்துக்களாக இருக்க வேண்டும், ஆணுக்கு 21 வயதும் பெண்ணுக்கு 18 வயதும் நிறைந்திருக்க வேண்டும், இருவருக்கும் உயிரோடிருக்கும் வேறு துணை இருக்கக் கூடாது என்பவை வழக்கமான நிபந்தனைகள்.

பதிவு என்பது அத்தாட்சிதான். பதியாததால் மட்டும் திருமணம் இல்லாமல் போய்விடாது. புகைப்படம், கோயில் ரசீது, நேரில் பார்த்த இரண்டு பேர் இருந்தால் நீங்கள் கணவர், குழந்தை மணத்தில் பிறந்த குழந்தை, இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி உங்களுக்குப் பொருந்தாது.

எந்தச் சடங்கும் இல்லை. ஆனால் எட்டு வருடமாக ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிறோம்.

நீண்ட காலம் கணவன் மனைவியாக ஊரார் அறிய வாழ்ந்தவர்களை மணமானவர்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கலாம். முன்பு சாட்சியச் சட்டத்தின் 114ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 119ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. கேரளத்திலிருந்து வந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கில் 2022இல் உச்ச நீதிமன்றம் இந்த அனுமானத்தை வைத்தே அப்படிப்பட்ட தம்பதியின் மகனுக்குச் சொத்தில் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

இந்த அனுமானத்தை எதிர்த்தரப்பு உடைக்கலாம். இருவரில் ஒருவருக்கு ஏற்கெனவே திருமணமாகி அந்தத் துணை உயிரோடு இருந்தால் அது அங்கேயே உடைந்துவிடும். இருவர் பெயரும் உள்ள ரேஷன் அட்டை, வாடகை ஒப்பந்தம், வாக்காளர் பட்டியல், எரிவாயு இணைப்பு, மருத்துவமனையில் ‘கணவர்’ என்று நீங்கள் போட்ட கையெழுத்து ஆகியவைதான் இதில் எடுபடும் ஆவணங்கள்.

உத்தராகண்டில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், சேர்ந்து வாழ்பவர்களின் குழந்தையை மணத்தில் பிறந்த குழந்தையாகவே கருதுகிறது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை.

பிறப்புச் சான்றிதழில் என் பெயர் வருமா?

தாய் ஒப்புக்கொண்டால் சிக்கல் குறைவு. மருத்துவமனையில் பிறந்தால் பதிவாளருக்குத் தகவல் அனுப்புவது மருத்துவமனையின் வேலை. அவர்கள் நிரப்பும் படிவத்தில் தந்தை பெயர்க் கட்டம் இருக்கும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்கி எழுத்துப்பிழை பாருங்கள். ‘முருகேசன்’ ஒன்றில், ‘முருகேஷ்’ இன்னொன்றில் என்று ஆதாரோடு ஒத்துப்போகாத பெயர்தான் பிறகு பள்ளி முதல் பாஸ்போர்ட் வரை துரத்தும். தமிழ்நாட்டில் கர்ப்பகாலத்திலேயே பிக்மி (கர்ப்பிணிகளுக்கான அரசின் இணையப் பதிவு) எண் வாங்கியிருக்க வேண்டும். அது இல்லாமல் சான்றிதழ் இழுத்தடிக்கும்.

பிறந்த 21 நாளுக்குள் பதிவு இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணத்தோடு பதியலாம். 30 நாளுக்கு மேல் ஓராண்டு வரை மாவட்டப் பதிவாளரின் எழுத்து அனுமதி தேவை. ஓராண்டு தாண்டினால் மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் நிலை மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்காமலே பதிந்திருந்தால் 12 மாதம் வரை இலவசமாகவும், அதன் பிறகு 15 ஆண்டு வரை கட்டணத்தோடும் பெயர் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், அரசு வேலை எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம். அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

தாய் ஒப்புக்கொள்ளாவிட்டால் உங்கள் பெயரைப் போடச் சொல்லிப் பதிவாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. மணமாகாத தாய் பிரமாண வாக்குமூலம் கொடுத்தால், தந்தை பெயரைக் கேட்டு நிர்ப்பந்திக்காமல் சான்றிதழ் தர வேண்டும் என்று 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தக் கட்டம் காலியாக இருக்கலாம், அது குறைபாடு அல்ல.

காலியான கட்டத்தில் பின்னர் உங்கள் பெயரைச் சேர்க்க, இருவரும் கையெழுத்திட்ட வாக்குமூலத்தோடு பதிவாளரிடம் போகலாம். வேறொருவர் பெயர் ஏற்கெனவே இருந்தால், அதை அடித்துவிட்டு உங்கள் பெயரை எழுத நடைமுறையில் நீதிமன்றத் தீர்ப்பு இல்லாமல் எந்தப் பதிவாளரும் முன்வரமாட்டார்.

இன்னொன்று. சான்றிதழில் பெயர் இருப்பது நீங்கள்தான் தந்தை என்பதற்கு நல்ல சாட்சியம், அவ்வளவுதான். அதனால் மட்டும் பாதுகாவலர் ஆகிவிட மாட்டீர்கள்.

இனிஷியல் யாருடையது?

தாயின் இனிஷியலைப் போட்டுக்கொள்ளலாம், சட்டத் தடை எதுவும் இல்லை. என் இனிஷியல்தான் வர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடிக்கச் சட்டத்தில் பிடிமானம் கிடையாது. பிறகு இருவரும் ஒத்துப்போய் மாற்ற விரும்பினால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடலாம். பள்ளியில் சேர்ப்பதற்கு முன் செய்தால் ஒரு வேலை, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்த பிறகு செய்தால் பத்து வேலை.

குழந்தை என்னுடையதா என்று சந்தேகம். அல்லது என்னுடையது என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டிஎன்ஏ சோதனை கேட்கலாமா?

கேட்கலாம். கேட்டவுடன் கிடைக்காது. குழந்தையின் அந்தரங்கமும் மானமும் சம்பந்தப்பட்டது என்பதால், வழக்கில் வேறு சாட்சியம் போதாமல் சோதனை தவிர்க்க முடியாதது என்று தோன்றினால்தான் நீதிமன்றம் உத்தரவிடும். 1993இல் கௌதம் குண்டு வழக்கில் தொடங்கிய இந்தத் தயக்கம் இன்றுவரை தொடர்கிறது. உத்தரவு வந்த பிறகு ஒருவர் ரத்தம் கொடுக்க மறுத்தால், அவருக்கு எதிராகவே நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம். உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி.திவாரி கடைசிவரை மறுத்துப் பார்த்தார். 2012இல் நீதிமன்ற உத்தரவின்படி மாதிரி எடுக்கப்பட்டு, ரோஹித் சேகரின் தந்தை அவரே என்று முடிவு வந்தது.

தனியார் ஆய்வகத்தில் ரகசியமாக எடுக்கும் சோதனை உங்கள் மனச் சமாதானத்துக்கு உதவலாம். மாதிரி யாருடையது, யார் எடுத்தார், யார் கையில் இருந்தது என்ற சங்கிலி இல்லாததால் நீதிமன்றத்தில் அது நிற்காது. குழந்தையின் மாதிரியைத் தாய்க்குத் தெரியாமல் எடுத்தால் வேறு சிக்கலும் வரும்.

அவர் வேறொருவரின் மனைவி. குழந்தை எனக்குப் பிறந்தது.

உங்களுக்கு மிகக் கடினமான நிலை இதுதான். செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை கணவருடையது என்று பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 116ஆம் பிரிவு முடிவாகவே எடுத்துக்கொள்கிறது. திருமணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாத நிலையில் பிறந்தாலும் அப்படியே. கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனும் மனைவியும் சேர வாய்ப்பே இல்லை என்று நிரூபித்தால் மட்டுமே இது உடையும். அவர் வெளிநாட்டில் இருந்தார், விசா முத்திரை இருக்கிறது என்பது போன்ற ஆதாரம் வேண்டும். இருவரும் சண்டையில் இருந்தார்கள் என்பது போதாது. வாய்ப்பில்லை என்பதைக் காட்டாமல் மூன்றாம் மனிதரை டிஎன்ஏ சோதனைக்கு இழுக்க முடியாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்தது. ஜீவனாம்சத்திலிருந்து உங்களைக் காக்கும் இந்த விதியே உரிமை கோருவதிலிருந்தும் உங்களைத் தடுக்கிறது.

ஜீவனாம்சம் எந்தச் சட்டத்தில் வரும்?

2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புகழ்பெற்ற 125ஆம் பிரிவு. இப்போது அதே விதி பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவில் இருக்கிறது. எந்த மதத்தவருக்கும் பொருந்தும். பெற்றோர் மணமானவர்களா என்ற கேள்விக்குக் குழந்தையைப் பொறுத்தவரை இடமே இல்லை. தன்னைத் தானே பராமரித்துக்கொள்ள முடியாத குழந்தை, தந்தைக்கு வசதி இருக்கிறது, அவர் கவனிக்கவில்லை என்பதைக் காட்டினால் போதும். இந்துவாக இருந்தால் 1956ஆம் ஆண்டு தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும் கேட்கலாம். தாய்க்கும் அந்தப் பிரிவு கடமை வைக்கிறது.

‘மனைவி இல்லை, அதனால் ஜீவனாம்சம் இல்லை’ என்ற வாதம் தாயின் பங்குக்கு எதிராகச் சில நேரம் எடுபடலாம். சேர்ந்து வாழ்ந்த தாய் 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் வழியே தனக்கும் நிவாரணம் கேட்கலாம். குழந்தைக்கு எதிராக அந்த வாதம் ஒருபோதும் எடுபடாது.

எவ்வளவு தர வேண்டும், எப்போது வரை?

நிலையான சதவீதம் கிடையாது. ‘சம்பளத்தில் கால்வாசி’ என்று டீக்கடையில் சொல்வது மனைவிக்கான ஒரு வழக்கில் வந்த பேச்சு, அதைக் குழந்தையின் கணக்குக்கு எடுத்து வராதீர்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறைப்படி இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தாக்கல் செய்ய வேண்டும். சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் அதில் வரும். நீங்களே கட்டத் தேர்ந்தெடுத்த கார் தவணையைக் காட்டி வருமானத்தைக் குறைத்துச் சொல்லும் தந்திரம் நீதிபதிகளுக்குப் பழகிப்போனது.

தொகை, மனு போட்ட நாளிலிருந்து கணக்காகும். வழக்கு மூன்று வருடம் இழுத்தால் மூன்று வருட நிலுவை ஒரே நாளில் தலையில் விழும். வாய்தா வாங்கித் தள்ளிப்போடுவதில் லாபம் எதுவும் இல்லை. இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் கையில் சேர்ந்த 60 நாளுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

கட்டாவிட்டால் வாரண்ட் வரும், ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை உண்டு. சிறைக்குப் போய் வந்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம், பணம் பாக்கியாகவே நிற்கும். வாரண்ட் கேட்பவர் பணம் சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். தாய்மார்கள் தவறவிடும் கெடு இதுதான்.

பொதுவாக 18 வயது வரை. உடல் அல்லது மனக் குறைபாட்டால் சம்பாதிக்க முடியாத பிள்ளைக்கு அதற்குப் பிறகும் உண்டு. மணமாகாத, சொந்த வருமானம் இல்லாத மகளுக்கு இந்துச் சட்டத்தின் 20ஆம் பிரிவில் அதற்கு மேலும் கேட்க வழி இருக்கிறது.

பஞ்சாயத்து பேசி மூன்று லட்சம் கொடுத்து, ‘இனி எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று நூறு ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கிவிட்டேன். போதும்தானே?

போதாது. ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. தாய் தன் உரிமையை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம், குழந்தையுடையதை விட்டுக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நோட்டரி முத்திரை விழுந்திருந்தாலும் இதுதான் நிலை. நாளை மனு வந்தால், கொடுத்த மூன்று லட்சத்தைக் காட்டித் தொகையைக் குறைக்கச் சொல்லலாம். அதற்கும் அது வங்கி வழியாகப் போயிருக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் கையில் கட்டாகக் கொடுத்த பணம் குழந்தைக்குத்தான் போனது என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

இதைவிட உருப்படியான வழி: இருவரும் பேசி முடித்த மாதத் தொகையை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் தீர்வாகப் பதிவு செய்யலாம். வழக்கு வருவதற்கு முன்பே இதைச் செய்ய முடியும். பார்க்கும் நாட்களையும் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறேன். குழந்தையைக் கண்ணில் காட்டமாட்டேன் என்கிறார்.

பணம் நுழைவுச்சீட்டு இல்லை என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். காட்டவில்லை என்று பணத்தை நிறுத்தினால் அடுத்த மாதம் நீங்கள்தான் குற்றவாளிக் கூண்டில் நிற்பீர்கள், பார்க்கும் மனுவும் பலவீனமாகும். பணம் தொடரட்டும். அதே நேரம் பாதுகாவலர் மற்றும் காப்பாளர் சட்டம் 1890இன் கீழ் மனு போடுங்கள். வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்று சொல்வது இதைத்தான்.

எங்கே: குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்தின் குடும்ப நல நீதிமன்றம், அது இல்லாத இடத்தில் மாவட்ட நீதிமன்றம். குழந்தை மதுரையில் பாட்டி வீட்டில் வளர்கிறது, நீங்கள் சென்னையில் இருக்கிறீர்கள் என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும். சென்னையில் போட்டு ஆறு மாதம் கழித்து ‘அதிகார எல்லை இல்லை’ என்று திருப்பி அனுப்பப்படுவது சாதாரணமாக நடக்கிறது.

மனுவில் குழந்தையின் பெயர், பாலினம், மதம், பிறந்த தேதி, வசிக்கும் இடம், சொத்து இருந்தால் அதன் விவரம், இப்போது யாரிடம் இருக்கிறது, நெருங்கிய உறவினர் யார் யார், உங்கள் தகுதி என்ன என்பதெல்லாம் இருக்க வேண்டும். பாதுகாவலராக இருக்கச் சம்மதம் என்ற உறுதிமொழியில் நீங்கள் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் கையெழுத்திட வேண்டும். இந்த ஒரு தாளை விட்டுவிட்டு மனு திரும்பி வருவதும் உண்டு.

கூடவே 12ஆம் பிரிவில் இடைக்கால மனு ஒன்று போடுங்கள். முதன்மை வழக்கு முடிய வருடங்கள் ஆகலாம், அதுவரை மாதம் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்ற வளாகத்துக் குழந்தைகள் அறையில் இரண்டு மணி நேரம் என்பது போல ஆரம்பம் கிடைக்கும். வாட்ஸாப் வீடியோ அழைப்பும் கேட்கலாம். எடுத்த எடுப்பில் முழு வளர்ப்பு உரிமை கேட்பதைவிட இப்படிச் சிறிதாகத் தொடங்கி, ஒரு வாரமும் தவறாமல் வந்து நின்று காட்டுகிறவர்களுக்கே பிறகு நேரம் கூடுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் அளவுகோல் குழந்தையின் நலன். ‘தாய் முதலில்’ என்ற, சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவும் அதற்குக் கீழேதான் என்று அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கான வாசலும் அதுதான். விவரம் தெரிந்த வயதுக் குழந்தையிடம் நீதிபதி தனியே பேசி விருப்பம் கேட்பார். ஐந்து வயதுக்குள் தாயிடமிருந்து பிரிப்பது அரிது.

2015 தீர்ப்புக்குப் பிறகு தந்தைக்கு நோட்டீஸே அனுப்பாமல் தாய் பாதுகாவலர் ஆகிவிடலாம் என்கிறார்களே?

ஆகலாம். குழந்தையின் வாழ்க்கையில் எந்த ஈடுபாடும் காட்டாத தந்தையின் பெயரைச் சொல்லும்படி மணமாகாத தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது, அவருக்கு நோட்டீஸும் தேவையில்லை என்பது அந்தத் தீர்ப்பு. வழக்குத் தொடுத்தவர் ஒரு கிறிஸ்தவப் பெண். பாதுகாவலர் உத்தரவு கல்வெட்டு அல்ல, குழந்தையின் நலனுக்குத் தேவைப்பட்டால் பின்னர் மாற்றலாம். நீங்கள் ஈடுபாடு காட்டிய தந்தை என்பதற்குத் தடயம் இருந்தால் உங்கள் குரல் கேட்கும். தடுப்பூசி அட்டை, பள்ளிக் கட்டண ரசீது, மாதாமாதம் போன வங்கிப் பரிமாற்றம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். வாட்ஸாப் செய்திகளைக் காட்டுவதானால் அச்சுத்தாள் மட்டும் போதாது, சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

பள்ளியிலிருந்து நானே அழைத்துக்கொண்டு வந்துவிட்டால் அது கடத்தலா?

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 137ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. மணமாகாத உறவில் பிறந்த குழந்தைக்குத் தானே தந்தை என்று நல்லெண்ணத்தோடு நம்புகிறவர் அழைத்துச் சென்றால், தீய நோக்கம் இல்லாதவரை, அது சட்டபூர்வப் பாதுகாவலரிடமிருந்து கடத்திய குற்றமாகாது. இதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டால் கெடுவீர்கள். நல்லெண்ணத்தைக் காட்டுவதற்குள் எஃப்.ஐ.ஆர். பதிவாகி, குழந்தை குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட்டிருக்கும். ஏற்கெனவே நீதிமன்ற உத்தரவு இருந்தால் அவமதிப்பும் சேரும். பார்க்கும் உரிமை கேட்டு நிற்கும்போது எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைப்பது இந்தச் சம்பவமாகத்தான் இருக்கும்.

தாய் இறந்துவிட்டார். அவருடைய பெற்றோர் குழந்தையைத் தர மறுக்கிறார்கள்.

சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி அடுத்த இயற்கைப் பாதுகாவலர் நீங்கள். ஆனால் இரண்டு தடைகள் வரலாம். மணமாகாத தாய், தன் குழந்தைக்கு யார் பாதுகாவலர் என்று உயில் எழுத 9ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படி உயில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, தாத்தா பாட்டியிடம் பல வருடம் வளர்ந்த குழந்தையை நீதிமன்றம் ஒரே நாளில் பெயர்த்து எடுத்துத் தராது. ஆட்கொணர்வு மனு போட ஆசைப்படுவீர்கள். தந்தை யார் என்பதிலேயே சச்சரவு இருந்தால் உயர் நீதிமன்றம் அதற்குள் போகாமல் குடும்ப நல நீதிமன்றத்துக்கே அனுப்பிவிட வாய்ப்பு அதிகம்.

குழந்தையை ஒப்படைத்துவிட (சரண்டர்) தாய் முடிவு செய்திருக்கிறார். நான் வளர்க்கத் தயார்.

நாட்களை எண்ணிச் செயல்படுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைப்புப் பத்திரம் எழுதிய பிறகு மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. அது முடிந்தால் குழந்தை தத்துக்கு உரியதாக அறிவிக்கப்படும். மாவட்டக் குழுவிடம் இன்றே எழுத்து மூலம் உங்கள் கோரிக்கையைக் கொடுத்து, தேதி முத்திரையோடு நகல் வாங்குங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1098க்கு அழைத்துக் கேளுங்கள்.

2021 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைப் பார்த்தது. சேர்ந்து வாழ்ந்த இருவரில் தாய் மட்டும் கையெழுத்திட்டுக் குழந்தையை ஒப்படைத்திருந்தார். பெற்ற தந்தையின் உரிமை திருமணத்தைச் சார்ந்தது அல்ல, அது இயல்பானது என்று சொல்லி, தத்துக்கு உரியதாக அறிவித்த சான்றை நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டு அதிகாரிகளை அது நேரடியாகக் கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்ட வலுவான தீர்ப்பு.

எனக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறார். இரண்டாவதாகத் தாலி கட்டினேன், அதில் பிறந்த குழந்தை.

இரண்டாவது திருமணம் செல்லாது. விசித்திரம் என்னவென்றால், சடங்கே இல்லாமல் பிறந்த குழந்தையைவிட இந்தக் குழந்தைக்குச் சட்டத்தில் நல்ல இடம். செல்லாத திருமணத்தில் பிறந்தாலும் அது முறையான குழந்தைதான் என்று இந்து திருமணச் சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரின் சொத்தில் பங்கு உண்டு, மற்ற உறவினர் சொத்தில் இல்லை. பூர்வீகச் சொத்தில், பாகம் பிரித்திருந்தால் தந்தைக்கு எது வந்திருக்குமோ அதிலும் பங்கு உண்டு என்று 2023 செப்டம்பரில் ரேவணசித்தப்பா வழக்கில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு முடித்து வைத்தது.

சடங்கே இல்லாதபோது என் சொத்து குழந்தைக்கு வருமா?

தானாக வராது. இந்து வாரிசுரிமைச் சட்டம் மணமாகாத உறவில் பிறந்த குழந்தையைத் தாயோடு மட்டுமே உறவாகச் சேர்க்கிறது. நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால் வாரிசுச் சான்றிதழில் அந்தக் குழந்தையின் பெயரைச் சேர்க்க தாசில்தார் மறுப்பார், அல்லது சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வார். மிஞ்சுவது, நீங்கள் விட்டுச்சென்ற சொத்திலிருந்து சிறார் வயது முடியும்வரை, மகளாக இருந்தால் மணமாகும்வரை, பராமரிப்புக் கேட்கும் உரிமை மட்டும்.

ஆகவே உயில் எழுதுங்கள். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாளே போதும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும், சொத்துப் பெறுகிறவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் இப்படிப்பட்ட உயிலை உறவினர் எதிர்ப்பது உறுதி என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுவது நல்லது. ‘என் பிள்ளைகளுக்கு’ என்று பொதுவாக எழுதாமல், குழந்தையின் பெயர், பிறந்த தேதி, தாயின் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆயுள் காப்பீட்டில் குழந்தையை நாமினியாகப் போட்டால், 18 வயதாகும்வரை பணத்தை வாங்கிக்கொள்ளும் அப்பாயிண்டி ஒருவரையும் போட வேண்டும். அந்தக் கட்டத்தைக் காலியாக விட்ட பாலிசிகள் ஏராளம்.

முஸ்லிம், கிறிஸ்தவ அப்பாக்களுக்கு?

ஜீவனாம்சப் பிரிவும் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் எல்லோருக்கும் பொது. ஹனஃபி (சன்னி முஸ்லிம்களில் ஒரு பிரிவு) சட்டப்படி மணமின்றிப் பிறந்த குழந்தைக்கு வம்ச உறவும் வாரிசுரிமையும் தாயோடுதான். வாரிசு அல்லாதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை உயில் எழுதலாம் என்ற விதியைத் தந்தை பயன்படுத்திக்கொள்ளலாம். கிறிஸ்தவர்கள் உயில் எழுதுவதே பாதுகாப்பு.

இப்போது திருமணம் செய்துகொண்டால் முன்பு பிறந்த குழந்தையின் நிலை மாறுமா?

பல நாடுகளில் மாறும். இந்தியாவில் பின்னால் செய்யும் திருமணம் முன்னால் பிறந்த குழந்தையின் நிலையைத் தானாக மாற்றுவதில்லை. முன்பே ஏதாவது ஒரு சடங்கு நடந்து அன்றிலிருந்து கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள், சிறப்புத் திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவில் அந்தத் திருமணத்தைப் பதிந்தால், சடங்கு நாளுக்குப் பின் பிறந்த, சான்றிதழ்ப் புத்தகத்தில் பெயர் எழுதப்பட்ட குழந்தைகள் முறையான குழந்தைகளாகக் கருதப்படுவார்கள். பதிவுக்குப் போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோய், பெயர் எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.

குழந்தை பிறந்தபோது தாய்க்கு 17 வயது.

அது போக்சோ வழக்கு. சம்மதம், காதல், பெற்றோர் ஒப்புதல் எதுவும் தற்காப்பு இல்லை. பிரசவம் பார்க்கும் மருத்துவமனை தகவல் கொடுத்தே ஆக வேண்டும். பாதுகாவலர் மனுவைப் பற்றி யோசிக்கும் முன் குற்றவியல் வக்கீலைப் பாருங்கள். ஜீவனாம்சக் கடமை அப்போதும் உண்டு.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. ஆண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளி, காவலில் இருப்பவர் என்றால் வரம்பு இல்லை. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அலுவலகம் இருக்கிறது, தொலைபேசி எண் 15100. போகும்போது குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், கடைசி ஆறு மாத வங்கி அறிக்கை, குழந்தை இப்போது இருக்கும் வீட்டின் முழு முகவரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முகவரி தவறாக இருந்தால் நோட்டீஸ் ‘ஆள் இல்லை’ என்று திரும்பும், முதல் மூன்று வாய்தாவும் அதிலேயே போகும்.